நின்றால் சூடு, ஓடினால் குளிர்ச்சி

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சரக்கு லாரி குறுக்கே நின்றுவிட்டால் பின்னால் வரும் கார்கள் அசைய முடியாது. பழைய டீசல் காரின் ஃபேன் பழுது அங்கேதான் அம்பலமாகும். வண்டி ஓடும்போது எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும்; நின்றதும் முதலில் ஏசி காற்று வெதுவெதுப்பாகும், பிறகுதான் வெப்பமானி முள் ஏறும்.

அம்பாசடரில் எஞ்சினே பெல்ட் போட்டு விசிறியைச் சுற்றியது. 1998 டிசம்பரில் வந்த டாடா இண்டிகாவில் 1405 சிசி எஞ்சின் குறுக்குவாட்டில் உட்கார்ந்ததால் அந்த வழி அடைபட்டது, மின்மோட்டார் வந்தது. கடலோர உப்புக்காற்றுக்கு மோட்டாரின் கனெக்டர் என்றால் கொள்ளை ஆசை. கழற்றிப் பார்த்தால் பின்களில் பச்சை பூத்திருக்கும்.

ஆகவே எடுத்த எடுப்பிலேயே மோட்டாரை மாற்றுவது வீண்செலவு. பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்து, சுற்றினால் ஃப்யூஸ், ரிலே, வெப்ப சுவிட்சைச் சோதிக்க வேண்டும். முக்கினாலோ முனகினாலோ மோட்டார் போய்விட்டது. மாற்றுமுன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். சாவி இல்லாமலே சட்டென்று சுழலும் விசிறிகள் உண்டு, விரல் பத்திரம். புதியதை மாட்டியபின் ரேடியேட்டர் முன் ஒரு காகிதத்தைப் பிடித்தால், அது உள்நோக்கி ஒட்டிக்கொள்ள வேண்டும். பறந்தால் ஒயர்கள் இடம் மாறியிருக்கின்றன.