வதந்தியும் மறுப்பும்

2010ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள், பொழுது புலர்வதற்கு முன்பே, தென் அமெரிக்க நாடான சிலியை 8.8 அளவுள்ள நிலநடுக்கம் உலுக்கியது. பல ஊர்களில் மின்சாரமும் தொலைபேசியும் செயலிழந்தன. ஆழிப்பேரலை அபாயம் இல்லை என அதிகாரிகள் அறிவித்தனர். பேரலையோ கரையோர ஊர்களுக்குள் புகுந்து உயிர்களைக் கவர்ந்து சென்றது. அதிகாரப்பூர்வ அறிவிப்பே பிழைத்துப்போன அவ்வேளையில், இணைய வசதி கிட்டியவர்கள் ட்விட்டரை நாடினர். அங்கு மெய்ச்செய்தியும் வதந்தியும் கலந்தே வந்தன.

இத்தகைய வேளைகளில் மக்கள் சமூக ஊடகங்களின் வழியே எவ்வாறு செய்தி பரிமாறிக்கொள்கின்றனர் என்பதை ஆராயும் துறை, நெருக்கடித் தகவலியல் எனப்படும். சிலி நிலநடுக்கம் குறித்து மார்செலோ மென்டோசா, பார்பரா போப்லெட்டே, கார்லோஸ் காஸ்டில்லோ ஆகிய மூவர் அதே ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பெரிதும் எடுத்தாளப்படுவது. பின்னர் மெய்யென உறுதியான ஏழு செய்திகளையும், பொய்யெனத் தெளிந்த ஏழு வதந்திகளையும் அவர்கள் தெரிவு செய்தனர். தலைநகர் சாண்டியாகோவின் விமான நிலையம் மூடப்பட்டது என்பது மெய். துறைமுக நகரான வால்பரைசோவுக்குப் பேரலை எச்சரிக்கை விடுக்கப்பட்டது என்பது பொய். ஒவ்வொன்றையும் பற்றிய பதிவுகளை வழிமொழிபவை, மறுப்பவை, ஐயுற்று வினவுபவை எனப் பகுத்தனர்.

மெய்ச்செய்திகளைப் பற்றிய பதிவுகளுள் ஏறத்தாழ 95 விழுக்காடு வழிமொழிந்தன. மறுத்தவை 1 விழுக்காட்டையும் எட்டவில்லை. வதந்திகளிலோ ஏறக்குறையப் பாதிப் பதிவுகள் மறுப்பாகவே இருந்தன. எவரும் ஏவாமலே மக்கள் செய்தியை உரைத்துப் பார்த்துள்ளனர். மறுப்பையும் ஐயத்தையும் கணினியால் அளந்து வதந்தியை இனங்காணலாம் என்னும் நம்பிக்கை இதனால் வலுப்பெற்றது. எனினும், ஏழு வதந்திகள் என்பது சிறிய எண்ணிக்கையே.

மூன்றாண்டுகள் கழித்து அந்நம்பிக்கை ஆட்டம் கண்டது. 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மாரத்தான் ஓட்டத்தின் முடிவிடத்தருகே இரு குண்டுகள் வெடித்தன. ஓட்டத்தில் பங்கேற்ற எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள் என்று ஒரு செய்தி பரவியது. உண்மையில் இறந்தவர்களுள் ஒருவன், பார்வையாளர்களிடையே நின்ற எட்டு வயதுச் சிறுவன். பதினெட்டு வயது நிறையாதோர் அவ்வோட்டத்தில் பங்கேற்கவே இயலாது. அவ்விதியை அறிந்த எவருக்கும் பொய் உடனே விளங்கியிருக்கும்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கேட் ஸ்டார்பேர்டும் உடன் ஆய்வாளர்களும் இப்பதிவுகளை எண்ணினர். பொய்யைப் பரப்பியவை 90,000க்கும் மேல். திருத்தியவை 2,000க்குச் சற்றே கூடுதல். ஒரு திருத்தத்துக்கு நாற்பத்துநான்குக்கும் மேற்பட்ட பொய்ப்பதிவுகள் இருந்தன.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம், வதந்தியால் யாருக்கு என்ன இழப்பு என்பதில் இருக்கலாம். வால்பரைசோவில் வாழ்பவருக்குப் பேரலைச் செய்தி உயிர்ப்பிரச்சினை. அவர் சன்னலைத் திறந்து கடலைப் பார்ப்பார், அண்டை வீட்டாரை வினவுவார். தொலைவிலிருந்து சிறுமிக்காக இரங்கியவருக்கோ சரிபார்க்கும் தேவையே எழவில்லை. இரக்கத்தோடு பகிர்ந்த செய்தி பொய்யாயிருக்கும் என்ற எண்ணம் எளிதில் தோன்றுவதுமில்லை.

திருத்தங்கள் காலந்தாழ்ந்து வந்தன என்றும் கூறுவதற்கில்லை. பொய் உச்சத்தை எட்டிய அதே வேளையிலேயே திருத்தமும் உச்சத்தை எட்டியது. பின்னர்த் திருத்தங்கள் ஓய்ந்தன. பொய்யோ சிறு அளவில் தொடர்ந்து பரவிக்கொண்டிருந்தது.