அந்த ‘டக்’

போன சித்திரையில் ஒரு மத்தியானம், சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன். சாவிக்கொத்து முழங்காலில் உரசிக்கொண்டே இருந்தது. வீட்டுச் சாவி, பீரோ சாவி, ஆபீஸ் டிராயர் சாவி, எப்போதோ திருப்பதியில் வாங்கிய பித்தளைப் பெருமாள் என்று நல்ல கனம். ஒதுக்கிவிடலாம் என்று லேசாக இழுத்தேன். காரின் சாவி கையோடு வந்துவிட்டது.

எஞ்சின் அணையவில்லை. ஏசி ஓடியது, பாட்டுகூடத் தடைபடவில்லை. இருபது வருடத்துக் கார் இது. இப்படி ஒரு வித்தையை அதுவரை காட்டியதில்லை. பச்சை விழுந்து பின்னாலிருந்த ஆட்டோக்காரர் ஹாரனை அமுக்க, சாவியை மடியில் போட்டுக்கொண்டு எங்கள் தெரு மெக்கானிக்கிடம் நேராக வண்டியை விட்டேன்.

அவர் அசரவே இல்லை. பாக்கெட்டில் இருந்த ஸ்குரூ டிரைவரைச் சாவித் துவாரத்தில் விட்டு ஒரு திருப்பு, வண்டி அணைந்தது. மறுபடி ஒரு திருப்பு, ஓடியது. “லாக் செட் போயிருச்சு சார். இனிமே இந்த வண்டிக்குச் சாவின்னு ஒண்ணு தேவையே இல்ல.”

கழற்றிய பூட்டை ஒரு பழைய செய்தித்தாளில் கொட்டினார். கட்டைவிரல் பருமனில் ஓர் உருளை. அதிலிருந்து சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய பித்தளைத் தகடுகள் உதிர்ந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு செவ்வக ஓட்டை, ஓரத்தில் மயிரிழை போன்ற ஸ்பிரிங். பூட்டின் ரகசியம் மொத்தமும் அவ்வளவுதான். சாவி இல்லாதபோது தகடுகள் உருளையைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டு, சுற்றியுள்ள கூட்டின் பள்ளத்தில் மாட்டி நிற்கும், உருளை சுழலாது. சரியான சாவி உள்ளே போனால், அதன் மேடும் பள்ளமும் எல்லாத் தகடுகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும். ஒன்றுகூடத் துருத்தாது. அப்போதுதான் திருப்ப முடியும்.

ஓடும்போது சாவியை வெளியே வரவிடாததும் அதே தகடுகளின் வேலைதான். சாவியை உருவ வேண்டுமானால் தகடுகள் சாவியின் மேடுகளில் ஏறி இறங்க வேண்டும். உருளை திரும்பிய நிலையில் அவற்றுக்கு ஏற இடமில்லை; சுற்றிலும் சுவர். ஆகவே சாவி சிறைப்பட்டுவிடும். இருபது வருடம் தேய்ந்த என் சாவியில் மேடே இல்லாமல் போயிருந்தது. தகடுகளும் மழுங்கியிருந்தன. சிறைக் கம்பி தேய்ந்துவிட்டது என்று சொல்லலாம். “தேஞ்ச சாவியக் குடுத்து டூப்ளிகேட் போட்டா தேய்மானத்தையும் சேத்துத்தான் சார் வெட்டுவான்” என்றார் மெக்கானிக். நான் செய்திருந்தது அதையேதான்.

ஆனால் அன்று என்னை வாயடைக்க வைத்தது பூட்டு இல்லை, அதன் பின்னால் இருந்த மின் சுவிட்ச். அதை என் கையில் கொடுத்துத் திருப்பச் சொன்னார். டக். இன்னும் கொஞ்சம். டக். பூட்டு நிலை, ரேடியோ மட்டும் ஓடும் நிலை, எஞ்சின் ஓடும் நிலை, ஸ்டார்ட் என்று ஒவ்வொரு நிலைக்கும் ஒரு குழி. ஸ்பிரிங் தள்ளும் ஒரு சிறு முனை அந்தக் குழியில் விழுகிற சத்தம்தான் அந்த ‘டக்’. ஸ்டார்ட்டுக்கு மட்டும் தங்குமிடம் கிடையாது. விட்டால் சாவி தானே பின்வாங்கிவிடும்.

இந்தத் திருப்பல் நாம் நினைப்பதைவிடப் புதியது. ஒரு காலத்தில் காரின் மூக்கில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றித்தான் எஞ்சினை எழுப்பினார்கள். அது உதைத்துத் திரும்பினால் மணிக்கட்டு முறியும். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டு கேடிலாக்கில் வந்தது. அதன்பிறகும் பல காலம் சாவி தனி, ஸ்டார்ட்டர் பொத்தான் தனி. சாவியைத் திருப்பியே கிளப்பும் வசதியை கிரைஸ்லர் கொண்டுவந்தது 1949இல்.

சுவிட்சில் ‘டக்’ போடும் அந்த ஸ்பிரிங் எவ்வளவு வலுவாக இருக்க வேண்டும்? கேட்கவே அற்பமான கேள்வி. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் இதற்கு வைத்திருந்த வரையறை குறைந்தபட்சம் 15 நியூட்டன் சென்டிமீட்டர். பத்து சென்டிமீட்டர் நீளக் குச்சியின் நுனியில் 150 கிராம் எடையைத் தொங்கவிட்டால் என்ன முறுக்கு கிடைக்குமோ, ஏறக்குறைய அது. அந்த நிறுவனத்தின் சில சிறிய கார்களில் பொருத்தப்பட்ட சுவிட்சுகளோ 4 முதல் 10 வரைதான் தாங்கின. குச்சி நுனியில் 40 கிராம் போதும். கனத்த சாவிக்கொத்து, ஒரு பள்ளத்தில் குலுங்கல், அல்லது முழங்காலின் ஒரு தட்டு: சாவி ஓடும் நிலையிலிருந்து ரேடியோ நிலைக்கு நழுவிவிடும். எஞ்சின் நிற்கும், பவர் ஸ்டீயரிங் போகும். மோசமானது அடுத்தது. ஏர்பேகுக்குப் போகும் மின்சாரமும் நின்றுவிடும். கார் மோதும்போது பை விரியாது.

2006இல் இன்னும் வலுவான பாகத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள், ஆனால் பாகத்தின் எண்ணை மாற்றவில்லை. காகிதத்தில் பழையதும் புதியதும் ஒன்றே. ஒரு வழக்கில் நிபுணர் ஒருவர் இரண்டையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் வித்தியாசம் வெளிப்பட்டது. 2014இல் இந்தச் சுவிட்சுக்காகச் சுமார் 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124. அப்போது கார்க்காரர்களுக்குச் சொல்லப்பட்ட உடனடி யோசனை, கொத்தைக் கழற்றிவிட்டு கார் சாவியை மட்டும் தனியாகப் போடுங்கள் என்பது. என் பித்தளைப் பெருமாள் அன்றே பூஜை அறைக்குப் போய்விட்டார்.

சாவி கையில் வந்த பிறகும் என்னால் வண்டியைத் திருப்பி ஓட்டிவர முடிந்ததே, அதற்கும் ஒரு காரணம் உண்டு. உருளை ஓடும் நிலையிலேயே நின்றுவிட்டது. அது பூட்டு நிலைக்குத் திரும்பி, சாவியும் உருவப்பட்டிருந்தால், ஓர் இரும்புத் துண்டு பாய்ந்து ஸ்டீயரிங் தண்டின் வெட்டில் செருகியிருக்கும். திருடனைத் தடுக்க வந்த ஸ்டீயரிங் லாக் இது. பல கார்களில் சாவியை உள்ளே அழுத்தினால்தான் கடைசி நிலைக்குத் திரும்பும். தவறி நடந்துவிடக் கூடாதே என்று வைத்த கூடுதல் தடை.

இதை அறியாமல் மலை இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெட்ரோல் மிச்சமாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அந்த மிச்சம் யாருக்கு வேண்டும்? பிரேக் பெடலை நாம் லேசாக மிதித்தாலே போதும் என்று இருப்பது, எஞ்சின் ஓடுவதால் கிடைக்கும் வெற்றிடம் நம் காலுக்கு உதவுவதால். எஞ்சின் நின்றால் இரண்டு மூன்று மிதிக்கு மட்டும் மிச்சமிருக்கும். பிறகு பெடல் கல்லாகிவிடும். இதில் வேடிக்கை, இன்றைய கார்களில் கியரிலேயே இறங்கி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் எரிபொருள் ஊசி தானாகவே மூடிக்கொள்ளும். நியூட்ரலில் சும்மா ஓடும்போதுதான் எரிபொருள் செலவாகும். குறைந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து இழுக்கும். சிக்கனமும் பத்திரமும் ஒரே பக்கம் இருக்கிற அபூர்வமான இடம் இது.

என் தங்கையின் புது காரில் சாவியைச் செருகும் வேலையே கிடையாது. பையில் கிடந்தால் போதும், கதவு திறக்கும், பொத்தானைத் தொட்டால் கிளம்பும். இடையில் வந்த தலைமுறையில் சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசி மணி போல ஒரு சில்லு இருந்தது. அதற்கு பேட்டரி இல்லை. சாவித் துவாரத்தைச் சுற்றியிருக்கும் கம்பிச் சுருள் எழுப்பும் காந்தப்புலமே சில்லுக்குள் மின்சாரத்தைத் தூண்டும். 1831இல் ஃபாரடே கண்ட அதே விதி. அந்தக் கணநேர மின்சாரத்தில் சில்லு தன் அடையாளத்தைச் சொல்லும். சொல்லாவிட்டால் எஞ்சின் ஓடாது. எங்கள் மெக்கானிக்கின் ஸ்குரூ டிரைவர் அங்கே பலிக்காது.

ரிமோட் பொத்தானில் இன்னொரு தந்திரம். ஒரே சங்கேதத்தை ஒவ்வொரு தடவையும் அனுப்பினால், பக்கத்தில் நின்று பதிவுசெய்து வைத்துக்கொண்டு யாரும் திறந்துவிடலாம். அதனால் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் சங்கேதம் மாறும். அடுத்தது என்ன என்பது சாவிக்கும் காருக்கும் மட்டும் தெரியும். அப்படியானால் குழந்தை வீட்டில் ரிமோட்டை அமுக்கி விளையாடினால்? கார் கொஞ்சம் பெருந்தன்மையோடுதான் இருக்கும். பரவலாகப் புழங்கிய கீலாக் முறையில், எதிர்பார்த்த சங்கேதத்துக்கு அடுத்து வரும் 16 வரை உடனே ஏற்றுக்கொள்ளும்.

சாவியை எடுக்காமலே திறக்கும் கார்களுக்கு இந்தத் தந்திரம் போதவில்லை. 2011இல் சூரிக் நகரின் ஈடிஹெச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பத்து கார் மாடல்களை எடுத்து, காரின் சன்னமான அழைப்பைச் சாவி இருக்கும் இடம்வரை நீட்டிக் காட்டினார்கள். சாவி பக்கத்தில்தான் இருக்கிறது என்று நம்பிப் பத்தும் திறந்துகொண்டன. சங்கேதத்தை உடைக்கவே இல்லை, தூரத்தை மட்டும் ஏமாற்றினார்கள். தங்கை இரவில் சாவியை மூடி இறுகிய எவர்சில்வர் டப்பாவில் வைக்கிறாள். பலன் உண்டா என்று பார்க்க டப்பாவோடு கார் அருகே போய்க் கைப்பிடியை இழுத்துப் பார்க்கச் சொன்னேன். முதல் டப்பாவுக்குக் கதவு திறந்துவிட்டது, இரண்டாவது தேறியது.

பொத்தான் கார் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: ஓடும்போது பொத்தானை ஒரு தட்டு தட்டினால் எஞ்சின் பொதுவாக அணையாது. சில விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும், அல்லது அடுத்தடுத்து அமுக்க வேண்டும். உங்கள் காரில் எப்படி என்று கையேட்டில் பார்த்துவைப்பது நல்லது. ஆக்சிலேட்டர் சிக்கிக்கொண்ட நேரத்தில் பக்கம் புரட்ட முடியாது.

இனி கியர். நம் ஊரின் சாதாரணக் கையால் மாற்றும் கியரைப் பிரித்தால் அங்கேயும் அதே ஸ்பிரிங், குண்டு, குழி. கியர் விழுந்தது கைக்குத் தெரிவது அதனால்தான். அதோடு, ஒரு கியர் தண்டு நகர்ந்தால் சிறு ஊசிகள் பக்கத்துத் தண்டுகளின் வெட்டுகளில் போய் நின்று அவற்றை அசையவிடாமல் செய்யும். இரண்டு கியர்கள் ஒரே நேரத்தில் விழுந்தால் ஒரே தண்டு இரண்டு வேகத்தில் சுழல வேண்டியிருக்கும். முடியாத காரியம், பெட்டியே இறுகி நின்றுவிடும். ரிவர்ஸுக்கு வளையத்தைத் தூக்கச் சொல்வதும் கீழே அமுக்கச் சொல்வதும், நீ கேட்பது அதுதானா என்று பெட்டி ஒரு தரம் விசாரிக்கிற மாதிரி.

ஆட்டோமேட்டிக் கியரில் எழுத்துகளின் வரிசைக்கே ஒரு சரித்திரம் உண்டு. அமெரிக்கக் கார்கள் சிலவற்றில் முன்பு ‘ஆர்’, அதாவது ரிவர்ஸ், வரிசையின் கடைசியில், முன்னோக்கி மெதுவாகப் போகும் ‘எல்’லுக்கு அடுத்து இருந்தது. ஒரு குழி தாண்டிப்போனால் முன்னே போகவேண்டிய வண்டி பின்னே போகும். 1965இல் ரால்ஃப் நேடர் கார்களின் ஆபத்துகளைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இதையும் சாடினார். பிறகு வந்த அமெரிக்க விதி, முன்னோக்கும் பின்னோக்கும் இடையில் நியூட்ரல் இருந்தே ஆகவேண்டும் என்றது.

நின்ற காரில் பிரேக்கை மிதித்ததும் கியர் பிடியின் அடியில் மெல்லிய ‘டக்’ கேட்கும். மின்காந்தம் ஒன்று சிறு தாழ்ப்பாளை விலக்கும் சத்தம். மிதிக்காமல் ‘பி’, அதாவது பார்க்கிங், நிலையிலிருந்து வெளியே எடுக்க முடியாது. 1980களில் ஆடி 5000 கார்கள் தாமாகவே பாய்கின்றன என்று அமெரிக்காவில் பெரிய கூக்குரல். 1989இல் அரசு ஆய்வு கண்ட முடிவு, பெரும்பாலும் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்திருக்கிறார்கள் என்பது. அந்த ரகளைக்கு நடுவே ஆடி பொருத்திய தாழ்ப்பாள்தான் இது. அறிவுரை சொல்லாமல் காலைச் சரியான பெடலுக்கு அழைத்துவரும் இதை நான் மிக அழகான கண்டுபிடிப்பாக நினைக்கிறேன்.

‘பி’யில் வண்டியைப் பிடித்திருப்பது விரல் அளவு இரும்புக் கொக்கி ஒன்று, பல் வளையத்தில் விழுந்து நிற்கிறது. ஏற்காட்டுச் சரிவில் ஒரு டன் எடையை அதன் தலையில் சுமத்துவது நியாயமில்லை. பிரேக்கை மிதித்தபடியே நியூட்ரலுக்கு வந்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மிதியைத் தளர்த்தி வண்டி அமர்ந்த பிறகு ‘பி’க்குப் போனால் கொக்கி சும்மா காவல் மட்டும் காக்கும். கையால் மாற்றும் கியர் என்றால் ஹேண்ட் பிரேக்கோடு, ஏற்றம் பார்த்து நிற்கும் வண்டிக்கு முதல் கியர், இறக்கம் பார்த்து நிற்பதற்கு ரிவர்ஸ். டயருக்கடியில் கல் வைக்கும் நம் லாரி டிரைவர்களின் பழக்கத்தை நான் கேலி செய்ய மாட்டேன்.

இந்த ‘டக்’கை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்துவிட்டது. ஃபியட் கிரைஸ்லர் தன் சில கார்களில் வைத்த மின்னணுப் பிடி, எந்தக் கியருக்குத் தள்ளினாலும் விட்டதும் நடுவுக்கே திரும்பிவிடும். ‘பி’யில்தான் விட்டோம் என்று நம்பிப் பலர் இறங்கினார்கள், வண்டி உருண்டது. 2016 ஏப்ரலில் 11 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். அந்த ஜூனில் நடிகர் ஆன்டன் யெல்ச்சின், தன் வீட்டு வாசலில், தன் சொந்த ஜீப்புக்கும் தூணுக்கும் இடையே நசுங்கி இறந்தார். திரையில் எழுத்து தெரியத்தான் செய்தது. விரலுக்குத் தெரியவில்லை.

கதவுக்கும் இரண்டு ‘டக்’ உண்டு. மெதுவாகச் சாத்தினால் முதலாவது கேட்கும், கதவு பாதியில் பிடித்து நிற்கும். இரண்டாவது கேட்டால்தான் முழுப்பிடி. மோதலில் கதவு திறந்து ஆட்கள் வெளியே வீசப்படுவதே பெரிய எமன் என்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டிய பிறகு, 1956 மாடல்களில் வலுவான கதவுப் பிடிகள் வந்தன. பின்கதவைத் திறந்தால் அதன் விளிம்பில் ஒரு குட்டி நெம்புகோல் தெரியும், சைல்டு லாக். போட்டுவிட்டால் உள்ளேயிருந்து திறக்காது. ஓடும் காரில் அது குழந்தைக்குக் காவல், நிறுத்திய காரில் அதுவே பொறி. வெயிலில் நின்ற காருக்குள் ஒரு மணி நேரத்தில் சுமார் 22 டிகிரி ஏறும். அதில் பெரும்பகுதி முதல் அரை மணியிலேயே. கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவைப்பதால் பெரிய மாற்றம் இல்லை.

மெக்கானிக் மறுநாளே புது லாக் செட் போட்டுக் கொடுத்தார். திருப்பினேன், டக், டக். முழுசாக நாலு நிலையும் கைக்குத் தெரிந்தது. “கதவுப் பூட்ட மாத்தல சார், அதுக்குப் பழைய சாவிதான்” என்றார். ஆகவே இப்போது என்னிடம் இரண்டு சாவிகள், தனித்தனி வளையத்தில். கத்திரி வெயிலில், ஒரு கையில் காய்கறிப் பையோடு கதவருகே நின்று துழாவும்போது, கைக்கு முதலில் கிடைப்பது எப்போதும் மற்றதாகத்தான் இருக்கிறது.