விழுந்த பல்லும் அரைத் தம்ளர் பாலும்

இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் வெளியே ஓடி வருகிறார்கள். கோடம்பாக்கம் போன்ற நெருக்கமான பகுதிகளில் பல பள்ளிகளுக்கு விளையாட்டுத் திடல் என்பது கட்டடங்களுக்கு நடுவே உள்ள சிமெண்டுத் தரைதான். ஓடிப் பிடித்து விளையாடும்போது ஒருவர் தலை இன்னொருவர் வாயில் மோதுகிறது. குழாயில் குனிந்து தண்ணீர் குடிக்கும் பிள்ளையைப் பின்னால் நிற்பவர் தள்ளிவிடுகிறார். வாயெல்லாம் இரத்தம். மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு தரையில் கிடக்கிறது.

அப்போது நாம் குழந்தையின் வாயைக் கழுவுகிறோம், சமாதானப்படுத்துகிறோம், பெற்றோருக்குத் தகவல் சொல்கிறோம். பல்லை மட்டும் பெரும்பாலும் யாரும் தேடுவதில்லை. விழுந்த பால்பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிவது நம் ஊர் வழக்கம். அதனால் விழுந்த பல் என்றாலே எறிய வேண்டியது என்ற எண்ணம் நமக்குள் பதிந்துவிட்டது. ஆனால் விழுந்தது நிலைப்பல் என்றால் அதை அதே குழியில் திரும்பப் பொருத்திக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. அதற்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு மணி. அந்த ஒரு மணியின் முதல் நிமிடங்களில் குழந்தையின் அருகில் இருப்பவர் பல் மருத்துவர் அல்லர், ஆசிரியர்தான்.

பால்பல்லா, நிலைப்பல்லா?

கீழ்வரிசையின் நடு முன்பற்கள் 6 முதல் 7 வயதிலும், மேல்வரிசையின் நடு முன்பற்கள் 7 முதல் 8 வயதிலும், அவற்றை அடுத்தவை 8 முதல் 9 வயதிலும் நிலைப்பற்களாக முளைக்கின்றன. எனவே நான்காம் வகுப்புக் குழந்தையின் மேல் முன்பல் பெரும்பாலும் நிலைப்பல்லே. பால்பல் சிறியது, நல்ல வெண்மையானது. நிலைப்பல் பெரியது, சற்றே மஞ்சள் சாயல் உடையது. புதிதாக முளைத்ததாயின் விளிம்பு ரம்பம்போல் இருக்கும்.

பால்பல்லைத் திரும்பப் பொருத்தக் கூடாது. அதன் மேலே வளர்ந்துகொண்டிருக்கும் நிலைப்பல்லுக்கு அது கேடாகலாம். எந்தப் பல் என்று ஐயம் இருந்தால் குழியில் வைக்காமல், பாலில் போட்டு மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

பால் எதற்கு?

பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய நார்ச்சவ்வு உண்டு. பல்லை எலும்போடு பிணைப்பது அதுதான். பல் பிடுங்கி விழும்போது அந்தச் சவ்வின் ஒரு பகுதி உயிருள்ள செல்களோடு வேரில் ஒட்டிக்கொண்டு வருகிறது. காற்றில் உலர்ந்தால் அந்தச் செல்கள் விரைவில் இறந்துவிடும். வெறும் தண்ணீரில் ஊறினால் நீரை உறிஞ்சி உப்பி வெடிக்கும். பாலின் உப்புச்செறிவு உடல் திரவத்தை ஒத்திருப்பதால் பாலில் அவை சில மணி நேரம் தாங்கும். பாக்கெட்டில் வரும் குளிர்ந்த பால் போதும். எந்த நிற பாக்கெட்டானாலும் சரி. டீக்கடையில் கொதிக்கும் பால் கூடாது.

நாம் செய்ய வேண்டியவை

1. முதலில் குழந்தையைப் பாருங்கள். மயக்கம், வாந்தி, தலையில் அடி, மூச்சுத் திணறல், வாயைச் சரியாக மூட இயலாமை ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். பல் பிறகுதான்.

2. குழந்தையை உட்காரவைத்துத் தலையை முன்பக்கம் சாய்க்கச் சொல்லுங்கள். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின்மேல் 10 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். வெளியே ஈரத்துணியில் சுற்றிய பனிக்கட்டி வைக்கலாம். மஞ்சள்தூள், காப்பித்தூள் எதுவும் வைக்க வேண்டாம்.

3. ஒரு மாணவரைப் பல்லைத் தேடச் சொல்லுங்கள். வாயில் வெளியே தெரியும் வெண்பகுதியை மட்டுமே பிடித்து எடுக்க வேண்டும். வேரைத் தொடவோ, தேய்க்கவோ, சோப்பு போட்டுக் கழுவவோ கூடாது. மண் ஒட்டியிருந்தால் பாலில் மெதுவாக அலசுங்கள்.

4. நிலைப்பல் என்று உறுதியாகத் தெரிந்து, குழந்தையும் அமைதியாக ஒத்துழைத்தால், பல்லைச் சரியான பக்கம் பார்த்துக் குழியில் மெதுவாகப் பொருத்தி, மடித்த கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் செய்யலாம். தயக்கமாக இருந்தால் பாலில் போடுவதே போதும். பால் கிடைக்காவிட்டால் குழந்தையின் உமிழ்நீரைச் சிறு கிண்ணத்தில் துப்பச் செய்து அதில் வையுங்கள்.

5. பல் கிடைக்காவிட்டால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். குழந்தை அதை விழுங்கியிருக்கலாம், மூச்சுக்குழாய்க்குள்ளும் போயிருக்கலாம்.

பல் உடைந்திருந்தால் உடைந்த துண்டையும் பாலில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், ஒட்டவைக்க முடியலாம். பல் ஆடினாலோ இடம் மாறியிருந்தாலோ அதை அசைத்துப் பார்க்க வேண்டாம். தரையில் விழுந்த காயம் என்பதால் தடுப்பூசி பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

எங்கே செல்வது?

அருகிலுள்ள பல் மருத்துவரே முதல் இடம். அவருடைய தொலைபேசி எண் முதலுதவிப் பெட்டியின் மூடியிலேயே ஒட்டப்பட்டிருக்கட்டும். சென்னையில் 1953-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ளது. கோடம்பாக்கத்தில் கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் ஏறினால் நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு, எழும்பூர், பூங்கா, அடுத்து கோட்டை. பாலில் வைத்த பல் இந்தப் பயணத்தைத் தாங்கும். சட்டைப்பையில் காகிதத்தில் மடித்து வைத்த பல் தாங்காது.

வகுப்பறையில் ஒரு செயல்பாடு

வெள்ளைச் சுண்ணக்கட்டியின் கீழ்ப்பாதியில் சிவப்புச் சுண்ணப்பொடியைத் தடவுங்கள். வெள்ளைப் பகுதி பல், சிவப்புப் பகுதி வேர். அதைத் தரையில் போட்டு, ஒவ்வொருவராக எடுத்து ஒரு கிண்ணத்தில் இடச் சொல்லுங்கள். விரலில் சிவப்பு ஒட்டினால் வேரைத் தொட்டுவிட்டார் என்று பொருள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள்கூட இரண்டு முறையில் கற்றுக்கொள்வார்கள்.

அதே வகுப்பில் கண்ணாடியைக் கொடுத்துத் தம் பற்களை எண்ணச் சொல்லலாம். 6 வயதில் கடைவாயில் முளைக்கும் பல் எந்தப் பல்லும் விழாமலே வருவதால், அதைப் பால்பல் என்றெண்ணிப் பல பெற்றோர் சொத்தையை விட்டுவிடுகிறார்கள். அதுவும் நிலைப்பல்லே என்பதைப் பிள்ளைகள் வழியே வீட்டுக்குச் சொல்லியனுப்புங்கள். காலையில் ஒருமுறை, இரவு படுக்கும்முன் ஒருமுறை, ஃபுளூரைடு உள்ள பற்பசையைப் பட்டாணி அளவு எடுத்துத் துலக்குவதும் அந்தப் பாடத்தில் சேரட்டும்.

முன்பல்லை இழந்த குழந்தைக்கு நிரந்தரச் செயற்கைப்பல் பொருத்தத் தாடை வளர்ச்சி முடியும்வரை காத்திருக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளை அதுவரை வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசிப் பழகிவிடக்கூடும். அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். மூடியுள்ள சிறு டப்பா முதலுதவிப் பெட்டியில் இருக்கிறதா, பக்கத்தில் பால் எந்தக் கடையில் கிடைக்கும், மருத்துவரின் எண் எது என்ற மூன்றுக்கும் அன்றே விடை எழுதி வைத்துவிடுவோம்.