'டேக் ஓஃப்' என்னும் வினைத்தொடர்

ஆங்கிலங் கற்கும் நம் மாணவரை மருட்டுவன நெடுஞ்சொற்கள் அல்ல, இருசொற் சிறுதொடர்களே. 'டேக்' என்பதற்கு எடு என்றும் 'ஓஃப்' என்பதற்கு அப்பால் என்றும் பொருள் கொள்வர். எனினும், தொப்பி கழற்றல், விலையிற் சிறிது குறைத்தல், விமானம் நிலத்தினின்று மேலெழுதல், பிறரைப்போல நடித்து நகையாடல் ஆகிய அனைத்தும் இத்தொடராலேயே சொல்லப்படும். இவையெல்லாம் ஒரு குடைக்கீழ் வந்தமையை வியவாதார் யார்?

1755 இல் தம் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜோன்சன், பிறநாட்டார்க்குப் பேரிடர் விளைப்பவை இவ்வகை வினைகளே என முன்னுரையிற் குறித்து, இத்தொடருக்குப் 'போலச் செய்தல்' என்னும் பொருளைக் காட்டினார். விமானம் பறத்தலை அவர் அறியார்.

பொருளினும் சொற்கிடக்கையே நம்மவரை வழுக்கச் செய்வது. தொப்பி என்னும் பெயர் 'ஓஃப்' என்பதன் முன்னும் நிற்கும், பின்னும் நிற்கும். அதனைச் சுட்டும் 'இட்' என்பதோ இடையில் மட்டுமே நிற்கும். 'டேக் இட் ஓஃப்' என்க. 'டேக் ஓஃப் இட்' வழுவாம். இவ்வொரு சொல் இடம்மாறியதாற் புள்ளி இழந்த விடைத்தாள்கள் பல. விமானம் எழும்போது செயப்படுபொருளே இல்லை. தமிழிற் கழல், கழற்று என வினைவடிவமே தன்வினை பிறவினைகளைப் பிரித்துக் காட்டும். ஆங்கிலத்தில் வடிவம் ஒன்றே. ஆதலின் செயப்படுபொருள் உண்டோ என முதலில் நோக்குக.

இத்தொடர் பெயர்ச்சொல்லாகவும் வரும். அப்போது ஒலியழுத்தம் முன்சொல்லில் விழும். ரொஸ்டோ என்னும் அமெரிக்கப் பொருளியலார், நாடொன்றின் பொருள்வளர்ச்சி விரைந்தெழும் கட்டத்துக்கு இப்பெயரையே இட்டார். அதனைக் 'கழற்றல்' என மொழிபெயர்ப்பின் நகைப்பே விளையும். 'மேலெழுச்சி' எனல் தகும்.