பூந்தொட்டிக்கு அடியில் ஒரு தாய்

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன். பூந்தொட்டியை நகர்த்தினால், வாலில் இடுக்கியோடு பழுப்பாக ஒரு பூச்சி தலைதெறிக்க ஓடும், பார்த்திருப்பீர்கள். பூரான் என்று நினைத்துச் செருப்பைத் தேடுவோம். காலை எண்ணிப் பாருங்கள், ஆறுதான். பூரானோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஆங்கிலத்தில் இது 'இயர்விக்', அதாவது காதுப்பூச்சி. தூங்குகிறவர் காதில் புகுந்து மூளையைத் துளைக்கும் என்று ஐரோப்பாவில் ஒரு பழைய கட்டுக்கதை. பூச்சிக்கு வேண்டியதோ ஈரமும் இருட்டும் ஒரு சந்தும்தான். நாம் இடுக்கிப்பூச்சி என்றே வைத்துக்கொள்வோம்.

அந்த இடுக்கி சண்டைக்கும் தற்காப்புக்கும். ஐரோப்பிய இனத்தில் ஆணுக்கு வளைந்திருக்கும், பெண்ணுக்கு ஏறக்குறைய நேராக இருக்கும். பிடித்தால் லேசாகக் கிள்ளும், விஷம் கிடையாது.

முதுகில் சட்டைக் காலர் போலத் தெரிவது முன்னிறக்கை. பின்னிறக்கை அதற்கடியில் விசிறி மடிப்பாக ஒடுங்கியிருக்கிறது. விரித்தால் மடித்த அளவைப்போலப் பத்து மடங்குக்கு மேல்! இவ்வளவு இருந்தும் பறப்பது அபூர்வம். சில இனங்களுக்கு இறக்கையே இல்லை.

உலகில் சுமார் 2000 இனங்கள். பல, இலைதழையும் சிறு பூச்சியும் தின்பவை. செடிப்பேனைத் தின்று தோட்டக்காரருக்கு உதவுபவையும் உண்டு. தென்கிழக்கு ஆசியாவில் சில வௌவால்களை அண்டி வாழ்கின்றன. ஆப்பிரிக்காவில் சில, பெரிய எலிகளின் ரோமத்துக்குள். இந்த இரு கூட்டமும் முட்டையிடாமல் குஞ்சாகவே ஈனுகின்றன. செயின்ட் ஹெலினா தீவில் 8 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு ராட்சத இனம் இருந்தது. 1967க்குப் பிறகு அதை யாரும் உயிரோடு பார்க்கவில்லை; 2014இல் அழிந்துபோனதாக அறிவித்துவிட்டார்கள்.

எனக்குப் பிடித்தது தாய்தான். முட்டையிட்டுவிட்டுப் போய்விடுவதுதான் பெரும்பாலான பூச்சிகளின் வழக்கம். இவள் போகமாட்டாள். மண்குழியில் குவிந்த வெள்ளை முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, பூஞ்சை பிடிக்காதபடி வாயால் துடைத்து வைப்பாள். யார் வந்தாலும் இடுக்கியைத் தூக்குவாள். குஞ்சு பொரித்த பிறகும் சில நாள் கூடவே இருப்பாள். ஜப்பானில் ஓர் இனத்தில் குஞ்சுகளுக்கு முதல் விருந்தே தாயின் உடல்தான்.

அடுத்த முறை தொட்டியைத் தூக்கும்போது அந்தக் குவியலும் அதன்மேல் அவளும் தெரிந்தால், தொட்டியை மெல்லப் பழைய இடத்திலேயே வைத்துவிடுங்கள்.