யானைக் காசுக்கு வெளிச்சம் எங்கிருந்து வரவேண்டும்?

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி கிழக்கிந்தியக் கும்பெனியின் கைக்குப் போகும்வரை, தருமபுரி வட்டாரம் அடங்கிய பாராமகால் திப்பு சுல்தானிடம் இருந்தது. அதனால் இங்கே பழங்காசு சேர்ப்பவர்களுக்குத் திப்புவின் செப்பு யானைக் காசு அந்நியமல்ல. தம் காசுகளுக்கு அவர் வானத்திலிருந்து பெயர் எடுத்தார்: ஒரு பைசாவுக்கு வெள்ளிக் கோளின் பெயரால் ஸொஹ்ரா, அரைப் பைசாவுக்குச் செவ்வாயின் பெயரால் பஹ்ராம், அரைக்கால் பைசாவுக்குத் துருவ நட்சத்திரத்தின் பெயரால் குத்ப். இவற்றுக்கும் முந்தைய மைசூர்ப் பொன் நாணயமான கண்டீரவப் பணம் இன்னும் பொடி. குறுக்களவு சுமார் 6 மில்லிமீட்டர்; புளியங்கொட்டையில் பாதி இருக்கும். அதற்குள் ஒரு நரசிம்மர்.

இவ்வளவு சிறியதைப் படமெடுக்க மேக்ரோ லென்ஸ் நல்லது. செல்போன்தான் உண்டு என்றால் காசின்மேல் குனியாதீர்கள், போனின் நிழலே விழுந்துவிடும். சற்று விலகி நின்று ஜூம் செய்யுங்கள். கேமரா காசுக்கு நேர் மேலே, சாயாமல் இருக்க வேண்டும். இவ்வளவு கிட்டத்தில் கூர்மையாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாமல் போகலாம். கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு விளிம்பு மங்கிவிடும்.

ஆனால் படத்தின் உயிர் வெளிச்சத்தில்தான். தேய்ந்த யானையின் துதிக்கை தெரிவது அதன் நிழலால். ஃபிளாஷை நேராக அடித்தால் நிழலே இராது, யானையும் இராது. ஒரு விளக்கைப் பட்டர் பேப்பரால் மறைத்து, கடிகாரத்தில் 10 மணி இருக்கும் திசையில் தாழ்வாக வையுங்கள். வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே நம் மூளை எடுத்துக்கொள்ளும். கீழிருந்து வந்தால் மேடு பள்ளமாகத் தோன்றும், யானை குழிக்குள் போய்விடும். தலைகீழாக எடுத்த படத்தைக் கணினியில் திருப்பினாலும் இதே கோளாறுதான், விளக்கும் சேர்ந்து திரும்பிவிடுகிறதே! காசை நிமிர்த்தி வைத்த பிறகே எடுக்க வேண்டும்.

படம் பளிச்சென்று வரவேண்டுமே என்று செம்பைப் புளி போட்டுத் தேய்ப்பது பெருங்கேடு. பல காலம் படிந்த பச்சைப் பூச்சு போனால் திரும்பாது. கணினியிலும் அதே கட்டுப்பாடு வேண்டும்: பின்னணியை வெட்டலாம், நிறச்சாய்வைச் சரிசெய்யலாம், கீறலை அழிக்கக் கூடாது. மூலக்கோப்பு தனியே இருக்கட்டும்.

திப்பு காசில் இன்னொரு கண்ணியும் உண்டு. அவர் கொண்டுவந்த மௌலூதி என்ற ஆண்டுக்கணக்கின் எண்கள் வலமிருந்து இடமாகப் பொறிக்கப்பட்டவை. 1218 என்பது 8121 போல நிற்கும். படம் கண்ணாடிபோலப் புரண்டுவிட்டது என்று எண்ணி அதைத் திருப்பிவிட்டால், யானையும் எதிர்த்திசையில் நடக்கத் தொடங்கிவிடும்.