நீலத் துணியின் கடல் யாத்திரை

தம் நாட்டுக் கொடியைப்போல் நீலமும் சிவப்பும் இரு பட்டைகளாக அமைய, நடுவே பனையினத்து மரமும் பீரங்கிகளும் பொறித்த அலங்காரப் போர்வைகளை, ஹைத்தி தேசத்தவர் தாம் குடியேறிய அந்நிய நாடுகளிலும் சோபாவின்மேல் விரித்துப் பெருமை கொள்வதுண்டு. 1803 மே 18 அன்று ஆர்க்காயே என்னும் ஊரில் கிளர்ச்சித் தளபதி தெசலின் பிரெஞ்சுக் கொடியின் வெள்ளையைக் கிழித்தெறிய, எஞ்சிய இரு வர்ணங்களையும் காத்தரீன் ஃப்ளோன் என்னும் மாது தைத்து இணைத்தாள் என்பது அந்நாட்டு ஐதீகம். பனித்திட்டு முதலிய பாகூர் கொம்யூன் கிராமத்து வாசகருக்கு இச்செய்தி தூரத்துக் கதையாகத் தோன்றலாம். ஆனால் அந்நாட்டின் சரித்திரத்தில் புதுச்சேரியின் நீலத் துணிக்கும் ஒரு பங்கு உண்டு.

அந்நீலம் பிறந்த விதம் விசித்திரமானது. அவுரிச் செடியின் தழையைத் தொட்டி நீரில் ஊறவைத்துப் புளிக்கச் செய்து, பின் அந்நீரைக் காற்றுப் படும்படி நெடுநேரம் அடித்துக் கலக்கினால், நீலம் வண்டலாகப் படியும். அதை வடித்துக் கட்டிகளாக உலர்த்துவர். இக்கட்டி வெறும் நீரில் கரையாது. ஆகவே சாயக்காரர் சுண்ணாம்பும் வேகவைத்த தகரை விதையும் சேர்த்துத் தாழியில் நொதிக்க வைப்பர். நொதித்தலினால் நீலம் தன் நிறமிழந்து கரையும் தன்மை பெறும். அதில் தோய்த்தெடுத்த துணி முதலில் மஞ்சள் கலந்த பச்சையாய்த் தோன்றி, காற்றிலுள்ள பிராணவாயு பட்டவுடன், பார்த்திருக்கையிலேயே நீலமாக மாறும். நிறம் கரையாத பொருளாய் நூலுக்குள்ளேயே தங்கிவிடுவதால், தண்ணீரில் அலசினாலும் எளிதில் போவதில்லை; பலமுறை தோய்க்கத் தோய்க்க நீலம் கருமை ஏறும்.

இவ்விதம் சாயமேற்றப்பட்டு, பிரெஞ்சுக்காரரால் 'கினே' என்று அழைக்கப்பட்ட பருத்தித் துணி, புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்கும் அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கும் சென்றது; செனகல் நதிக்கரையில் கோந்து வாணிபத்தில் அது நாணயம்போலவே செலாவணியாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தியத் துணிகளைக் கொடுத்து ஆப்பிரிக்கரை அடிமைகளாகக் கொண்ட பிரெஞ்சு வணிகர், அவர்களுள் லட்சக்கணக்கானோரைச் சேன்-தொமேங்கு என்ற தீவுக் குடியேற்றத்தில் இறக்கினர். அங்கே அவர்கள் கரும்பும் காப்பியும் மட்டுமன்றி, அவுரியும் பயிரிட்டு நீலம் காய்ச்ச நேர்ந்தது. 1791இல் கிளர்ந்தெழுந்த அந்த ஜனங்களே 1804 ஜனவரி 1 அன்று ஹைத்தி என்னும் சுதந்திர தேசத்தை ஸ்தாபித்தார்கள்.

1897இல் ஜெர்மானியர் செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபின் அவுரிச் சாகுபடி நலிந்தது. நம் சாயக்காரரின் நுட்பம் போற்றத்தக்கதே. எனினும் அதைப் போற்றும்போது, அத்துணிக்கு ஈடாக மனிதர் விலைபேசப்பட்டதையும் சேர்த்தே நம் பிள்ளைகளுக்குச் சொல்வது நமது கடமை.